கார்புரேட்டர் புல்லட்டில் லடாக்: எதைத் திருப்பலாம், எதைத் தொடக் கூடாது

கேள்வி: 2014 மாடல் கிளாசிக் 350, கார்புரேட்டர் வண்டி. செப்டம்பர் கடைசியில் ஜம்மு வரை ரயிலில் அனுப்பி, ஸ்ரீநகர் வழியாக லே, கார்துங் லா, நுப்ரா போய், மணாலி வழியாக இறங்குவதாகத் திட்டம். ஒரு மெக்கானிக் மெயின் ஜெட்டை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டச் சொல்கிறார். மூன்றாவது ஆள் ஒன்றுமே செய்யாதே என்கிறார். குளிரில் ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலை வேறு. யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

உங்கள் வண்டிக்கு மூன்றாவது ஆள் சொல்வதுதான் ஏறக்குறைய சரி. ஒரே ஒரு ஸ்க்ரூவை மட்டும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும். முதல் மெக்கானிக்கும் தெரியாமல் சொல்லவில்லை, அவர் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஃபில்டரைக் கழற்றச் சொன்னவர் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குக் காற்றின் வேகம் தெரியும், எடை தெரியாது. சிக்கல் மொத்தமும் இதிலிருந்துதான் வருகிறது. குறுகலான தொண்டை வழியாகக் காற்று பாயும்போது அங்கே அழுத்தம் விழுகிறது. அந்த விழுச்சிதான் கீழே ஃப்ளோட் பவுல் என்ற கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஜெட் என்ற சின்னத் துளை வழியாக மேலே இழுக்கிறது. மலை ஏற ஏறக் காற்று மெலிகிறது. காற்றின் எடை குறையும் அளவுக்குப் பெட்ரோலும் குறைந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பெட்ரோல் காற்று அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தக்கபடிதான் குறைகிறது. சென்னை வெயிலில் எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடையை 100 என்று வைத்துக்கொண்டால், 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் ஒரு நல்ல பகலில் அது 68 தான். பெட்ரோலோ 82, 83-இல் நிற்கும். அதாவது கலவையில் பெட்ரோல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கார்துங் லாவில் காற்று 58, பெட்ரோல் 76. முப்பது சதவீதம் கூடுதல். (அங்கே பழைய பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தார்கள். உண்மையான உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு. போட்டோவுக்கு எந்தக் கணக்கும் சரி, ஜெட் கணக்குக்கு இரண்டாவது.)

ஊட்டிக்கு இதே வண்டியில் போயிருந்தால் இதன் மூன்றில் ஒரு பங்கை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அங்கே கூடுதல் பத்து சதவீதம்தான். பெரும்பாலானோர் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஐட்லிங் கொஞ்சம் தொங்கும், பிக்கப் சற்று மந்தம், அவ்வளவுதான்.

குளிர் இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. காற்று குளிர்ந்தால் இறுகும், எடை கூடும். 35 டிகிரியிலிருந்து மைனஸ் 5-க்கு இறங்கினால் அதே அழுத்தத்தில் காற்றின் எடை பதினைந்து சதவீதம் ஏறும், பெட்ரோல் ஏழு சதவீதம்தான் ஏறும். கலவை அந்த அளவுக்கு லீன் ஆகும், அதாவது காற்றுக்குத் தக்க பெட்ரோல் இருக்காது. ஆகவே உயரம் கலவையை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆக்குகிறது, குளிர் லீன் ஆக்குகிறது, ஒன்றில் ஒரு பகுதியை இன்னொன்று தானாகவே கழித்துவிடுகிறது. மைனஸ் 15 டிகிரியில் லேயில் ஓடும் வண்டிக்குக் கூடுதல் பெட்ரோல் இருபது சதவீதம் இல்லை, பதினான்கு சதவீதத்துக்குப் பக்கம். "உயரமும் இருக்கிறது, குளிரும் இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து ஜெட்டைக் குறை" என்று யாராவது சொன்னால் அவர் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு அழகாக ட்யூன் செய்தாலும் இழந்த சக்தி திரும்பாது. ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் எஞ்சினின் 19.8 குதிரைத்திறனில் கார்துங் லா உச்சியில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தால் அதிர்ஷ்டம். உள்ளே போகும் ஆக்சிஜனே அவ்வளவுதான். ட்யூனிங்கில் கிடைப்பது கரும்புகை இல்லாமல், பிளக் அடைக்காமல், ஐட்லிங்கில் ஆஃப் ஆகாமல் ஓடுவது மட்டும்தான். பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை என்று போகிறீர்கள் என்றால் ஜெட்டைவிட முன்பக்கச் சின்ன ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போடுவது அதிகம் உதவும். ஏற்றத்தில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே உறுமவிட்டுக் கிளட்ச் பிளேட்டைத் தீய்ப்பவர்களை அந்தச் சாலையில் நிறையப் பார்க்கலாம். அவர்கள் கார்புரேட்டரைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழி ஒன்றல்ல. ஐட்லிங்கிலும் ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகும்போதும் பைலட் ஜெட். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை நீடில், அதாவது தொண்டையில் ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசி. முக்காலுக்கு மேல் முழுசாகத் திருகினால் மட்டும் மெயின் ஜெட். வெளியிலிருந்து திருப்புளியால் எட்டக்கூடிய அந்த ஒரு ஸ்க்ரூ பைலட் வழியை மட்டுமே ஆளும். மேட்டில் முழு முறுக்கில் வண்டி திணறுகிறது என்று அந்த ஸ்க்ரூவை நாள் முழுக்கத் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. எங்கே திணறுகிறது என்பதை வைத்து எதைத் தொடுவது என்று முடிவு செய்யுங்கள். ஒரு எளிய சோதனை: நல்ல ஏற்றத்தில் முழுசாகத் திருகிப் பிடியுங்கள். திணறினால் சற்றே தளர்த்துங்கள். தளர்த்தியதும் வண்டி நன்றாக இழுத்தால் சிக்கல் மெயின் ஜெட் பக்கம்.

அந்த ஸ்க்ரூவிலும் ஒரு பொறி உண்டு, பாதிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் காற்று கூடும், கலவை லீன் ஆகும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவையையே ஆளும் ஸ்க்ரூ. உள்ளே திருப்பினால்தான் லீன். ஒரே வேலைக்கு நேரெதிர் திசை. பழைய புல்லட்டின் மிக்கார்ப் வி.எம். வகையில் இருப்பது முதல் ரகம். உங்கள் வண்டியில் இருப்பது சென்னை யுகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனி தொழில்நுட்பத்தில் செய்யும் பி.எஸ். 29, அதில் இரண்டாவது ரகம். சிலவற்றில் அதைப் பித்தளை மூடியால் அடைத்திருப்பார்கள், மூடி இருந்தால் ஊரிலேயே எடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி, ஒரு டேப்பில் எழுதி டாங்குக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். முட்டியதும் அதற்கு மேல் இறுக்கக் கூடாது, நுனி கூம்பு பழுதானால் பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. எண்ணிய சுற்றுக்கே திரும்பக் கொண்டுவந்து வையுங்கள்.

லேயில் போய்ச் சேர்ந்து ஒரு நாள் ஓய்வெடுப்பீர்கள், எடுக்கத்தான் வேண்டும். அன்றைக்கே இதைச் செய்யுங்கள். வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைச் சற்று ஏற்றிவையுங்கள். இப்போது கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே. பத்து நொடி பொறுங்கள், எஞ்சின் சத்தம் மாறுவதைக் காதால் கேளுங்கள். வேகம் கூடினால் சரியான திசை. இன்னும் கால் சுற்று. வேகம் விழவோ தடுமாறவோ தொடங்கினால் முந்தைய இடத்துக்கே வந்துவிடுங்கள். பிறகு ஐட்லிங்கை வழக்கத்தைவிட ஒரு நூறு சுற்று கூடுதலாக வைத்து முடியுங்கள். குளிர்ந்த எஞ்சினில் இதைச் செய்தால் வேலை இரண்டு முறை.

இதற்கு மேல் உங்கள் கார்புரேட்டரில் ஏன் கை வைக்க வேண்டாம் என்கிறேன்? அது சி.வி. என்ற வகை. அதில் ஸ்லைடை உங்கள் கேபிள் தூக்குவதில்லை. கேபிள் ஒரு பட்டர்ஃபிளை வால்வைத் திறக்கிறது. ஸ்லைடை மெல்லிய ரப்பர் டயஃப்ரமுக்கு மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் தூக்குகிறது. காற்று மெலிந்தால் அந்த வித்தியாசமும் குறையும், ஸ்லைடு குறைவாக எழும்பும், ஊசி தாழ்வாகவே இருக்கும், பெட்ரோல் ஓரளவு தானாகவே அடங்கும். முழுசாக ஈடுகட்டாது, ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் பயணத்துக்குப் போதும். அதைப் பிரித்து ஊசியைத் தொடப் போய், திரும்ப மூடும்போது டயஃப்ரமின் விளிம்பு பள்ளத்தில் உட்காராமல் மூடிக்கடியில் நசுங்கினால், வண்டி நாற்பதைத் தாண்டாது. அந்தக் குளிரில் ரப்பர் விறைத்திருக்கும், நசுங்குவது இன்னும் சுலபம்.

வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருக்கும் நண்பர் யாராவது கூட வந்தால் அவர் கதை வேறு. அதில் கேபிளே ஸ்லைடைத் தூக்குவதால் தானாகச் சரிக்கட்டும் வசதி எதுவும் கிடையாது. ஆனால் ஊசியில் பள்ளங்கள் உண்டு. கிளிப்பைக் கழற்றி ஒரு பள்ளம் மேலே மாட்டினால் ஊசி ஒரு படி கீழே இறங்கும், நடு முறுக்கில் பெட்ரோல் குறையும். மலைச் சாலையில் பெரும்பாலான நேரம் நடு முறுக்கில்தான் போவோம் என்பதால் இந்த ஒரு பள்ளமே பாதித் தீர்வு. கிளிப் சின்னது, வில் மாதிரித் தெறிக்கும். கீழே ஒரு துணியை விரித்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

மெயின் ஜெட் மாற்றுவது லேயிலேயே மாதக்கணக்கில் வண்டி வைத்து ஓட்டுபவர்களுக்கும், மேக்னெட்டிக் ஹில் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் கார்புரேட்டர் ஏ.டி.வி. (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வைத்திருப்பவர்களுக்கும் உரிய வேலை. அந்த வண்டிகள் கீழே இறங்குவதே இல்லை, அதனால் உயரத்துக்கென்றே ஜெட் போட்டுவிடலாம். அப்படி மாற்றுபவர்கள் ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணை ஒரே மாதிரிப் படிக்கக் கூடாது. மிகுனியின் அறுமுகத் தலை ஜெட்டில் எண் என்பது பெட்ரோல் பாயும் அளவு; பதினைந்து சதவீதம் குறைக்க 110-க்குப் பதில் 95 அல்லது அதற்கு அருகில் உள்ளது. கெய்ஹின் ஜெட்டில் எண் துளையின் விட்டம். விட்டம் சற்றுக் குறைந்தாலே பரப்பு வேகமாகக் குறையும், அங்கே அதே பதினைந்து சதவீதத்துக்கு 110-இலிருந்து 102 போதும். மிகுனி கணக்கைக் கெய்ஹினில் போட்டால் வண்டி லீன் ஆகித் தவிக்கும். கணக்கில் இருபது சதவீதம் வந்தாலும் முழுசாகக் குறைக்காமல் பதினைந்தோடு நிறுத்துவது நல்லது. சற்று ரிச்சாக ஓடும் எஞ்சின் புகைக்கும், அவ்வளவுதான். லீனாக ஓடும் எஞ்சின் பிஸ்டனைத் தின்னும்.

ஃபில்டர் விஷயம். கழற்றினால் கொஞ்சம் நன்றாக இழுப்பது உண்மை, அதனால்தான் அந்த யோசனை சாகாமல் வழியெல்லாம் உலவுகிறது. தடை குறைவதால் தொண்டையில் அழுத்த விழுச்சி குறைகிறது, பெட்ரோல் குறைகிறது, கலவை தற்செயலாகச் சரியான பக்கம் நகர்கிறது. ஆனால் முன்னால் போகும் லாரி கிளப்பும் புழுதியைப் பார்த்திருந்தால் அந்த யோசனையைச் சொல்ல வாய் வராது. முகப்பவுடர் போன்ற அந்தத் தூள் சிலிண்டர் சுவரை உப்புத்தாளாகத் தேய்க்கும். ஃபில்டரைக் கழற்றுவதற்குப் பதில் புதிதாக மாற்றிக்கொண்டு போங்கள். அடைபட்ட பழைய ஃபில்டரே கலவையை ரிச் ஆக்கும், உயரத்தோடு அதுவும் சேர்ந்தால் இரட்டை அடி.

இனி குளிரில் ஸ்டார்ட் செய்வது. பெட்ரோல் ஆவியானால்தான் தீப்பிடிக்கும். உறைகுளிரில் அதில் கொஞ்சம்தான் ஆவியாகும், மிச்சம் துளியாகவே சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஸ்டார்ட் ஆகும் வரை மட்டும் நிறையப் பெட்ரோல் கொடுக்க வேண்டும், சோக் இருப்பது அதற்குத்தான். உங்கள் கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல, தனி ஜெட்டோடு கூடிய தனிப் பாதை. எஞ்சின் பக்கம் உறிஞ்சும் விசை பலமாக இருந்தால்தான் அந்தப் பாதையில் பெட்ரோல் வரும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் விசை போய்விடும், சோக் இழுத்ததே வீண். காலை நேரத்தில், லே-மணாலி சாலையில் உள்ள சர்ச்சுவில் கூடாரத்துக்கு வெளியே நின்று, சோக்கை இழுத்துக்கொண்டு, கூடவே ஆக்சிலரேட்டரையும் முறுக்கி முறுக்கிக் கிக்கரை உதைத்துக் களைத்துப்போகிறவர்கள் செய்யும் தவறு இதுதான். முதலில் சாவி போடாமல் சோக்கோடு மூன்று நான்கு உதை, எண்ணெயும் கொஞ்சம் இளகும். பிறகு சாவி போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் உதையுங்கள். பிடித்த பிறகு அரை நிமிடம் அப்படியே விட்டு, சோக்கைப் படிப்படியாக இறக்குங்கள். அந்த உயரத்தில் சோக்கை மறந்து ஓட்டினால் சில கிலோமீட்டரிலேயே பிளக் கரி பிடித்து நின்றுவிடும். பிளக் இரண்டு எக்ஸ்ட்ரா, பிளக் ஸ்பானரோடு கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.

செல்ஃப் மோட்டாரை மைனஸ் டிகிரியில் நம்ப வேண்டாம், குளிரில் பாட்டரி பாதி உயிரோடுதான் இருக்கும். முதல் ஸ்டார்ட் எப்போதும் கிக்கர். எண்ணெயைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் வண்டிக்குப் போடும் 15டபிள்யூ-50 எண்ணெய், மைனஸ் 20-இல் எஞ்சினைச் சுற்றவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும் என்ற தர அளவுக்கு உட்பட்டது. செப்டம்பர் இரவுகள் அந்தப் பக்கமே போகாது.

எத்தனால் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இப்போது சமவெளியில் பெட்ரோல் பங்க்குகளில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகப் போதும். ஆகவே சுத்தப் பெட்ரோலுக்காக ஜெட் போட்ட 2014 வண்டி, சென்னையிலேயே ஏழெட்டு சதவீதம் லீனாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மலையில் வரும் கூடுதல் பெட்ரோலில் அந்த அளவு கழிந்துவிடும். ஜெட்டை மாற்றாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாதகமும் உண்டு: எத்தனால் குளிரில் சுலபமாக ஆவியாகாது, தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். இரவு உறைந்து காலையில் வண்டி ஐட்லிங்கில் மட்டும் நின்று நின்று போனால், ஃப்ளோட் பவுலின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். அடியில் குமிழாகத் தண்ணீர் தெரியும். பிரீமியம் பெட்ரோலுக்குக் காசு செலவழிக்காதீர்கள். மெலிந்த காற்றில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, நாக்கிங் (பெட்ரோல் முறைதவறி வெடித்து எஞ்சின் தட்டுவது) வர வாய்ப்பே குறைவு, சாதாரணப் பெட்ரோலே தாராளம்.

கார்புரேட்டருக்குள் பனி கட்டுமா என்றும் சிலர் பயப்படுவார்கள். பெட்ரோல் ஆவியாகும்போது தொண்டை குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து உறைவது உண்மைதான். ஆனால் அதற்குக் கடுங்குளிரைவிட ஈரக்குளிர் வேண்டும். பூஜ்யத்துக்குச் சற்று மேலே, மூடுபனியோடு. லடாக் காற்று வறண்டது. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழியில் சோஜி லா பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும் நாளில் வண்டி காரணமே இல்லாமல் மெல்ல மெல்ல மங்கி நின்றால் பத்து நிமிடம் சும்மா நிறுத்துங்கள். எஞ்சின் சூட்டில் உருகி, ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

ரிச்சாக ஓடுவதால் மைலேஜ் விழும், இதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மணாலியிலிருந்து ஏறுபவர்களுக்குத் 'தாண்டி' என்ற ஊரின் பங்க்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று பலகை வைத்திருப்பது பிரபலம். நீங்கள் எதிர்ப்பக்கமிருந்து வருகிறீர்கள், அதே நீளம்தான். உங்கள் டாங்க் 13.5 லிட்டர். லிட்டருக்கு 27 கிலோமீட்டர் கொடுத்தால்கூட உருட்டிக்கொண்டுதான் போய்ச் சேர்வீர்கள், தங்லங் லாவும் பாரலாச்சா லாவும் ஏறி இறங்கும்போது அந்த 27 நிச்சயமில்லை. ஐந்து லிட்டராவது கேனில் கட்டிக்கொள்ளுங்கள். வழியில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை ஊற்ற நேர்ந்தால் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.

கடைசியாக இறக்கம். ஏறும்போது காட்டிய அக்கறையில் பாதியைக்கூட இறங்கும்போது யாரும் காட்டுவதில்லை. மணாலி 2,050 மீட்டர். அங்கே வந்ததும் எஞ்சின் சூட்டோடு கலவை ஸ்க்ரூவைப் பாதியளவு வெளியே எடுங்கள். சண்டிகர் சமவெளிக்கு வந்ததும் டாங்குக்கு அடியில் ஒட்டிய டேப்பைப் பார்த்துப் பழைய சுற்றுக்கே வையுங்கள். உங்கள் வண்டியில் இதை மறந்தால் ஐட்லிங் தடுமாறும், ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கும், அதோடு போகும். ஜெட் மாற்றிய பழைய புல்லட் நண்பர் மறந்தால் அப்படி விடாது. நெடுஞ்சாலையில் எண்பதில் முழு முறுக்கில் ஒரு மணி நேரம் போதும், பிஸ்டன் சீஸ் ஆகி இறுகிப்போக. அவருடைய பழைய ஜெட்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மணாலியில் தங்கும் அறையிலேயே மாற்றிவிடச் சொல்லுங்கள். ஜெட் மென்மையான பித்தளை. முட்டியதும் இன்னும் கொஞ்சம், கைவிரல் பலத்துக்கு மேல் வேண்டாம்.